38 மாவட்டமும் தொடுறாங்க, ஆறு எங்க போகுதுன்னு தெரியல: பிள்ளைகளுக்கான புவியியல் கருவிகள்

12 ஜூன் 2024, கேள்வி

கரூர் மாவட்டத்தில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். ஸ்மார்ட் போர்டில் ஒரு மாவட்ட விளையாட்டு போட்டுக் காட்டினேன். பெயர் வரும், பிள்ளைகள் மேப்பில் அந்த மாவட்டத்தைத் தொட வேண்டும். சரியாக இருந்தால் மணி அடிக்கும், இல்லையென்றால் சிவப்பாகும். இப்போது 38 மாவட்டத்தையும் தூக்கத்தில் கேட்டாலும் தொடுகிறார்கள். ஆனால் "நம்ம அமராவதி எங்கிருந்து வருது, எங்க போகுது?" என்று கேட்டால் முழிக்கிறார்கள். ஒரு பையன் கடலிலிருந்து வருகிறது என்கிறான். ஆறு எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து நடக்கிற தூரம்தான். இதற்கு என்ன மாதிரி கருவி செய்யலாம்? பள்ளியில் காசு கிடையாது. கம்ப்யூட்டர் ஓரளவு வரும்.

12 ஜூன், இரவு

டீச்சர், அந்த விளையாட்டு தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. ஒரு பெயரைப் பார்த்தால் ஒரு வடிவத்தைத் தொட வேண்டும் என்று பழக்கியது, பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். அந்த வடிவத்துக்குள் மேடு எது பள்ளம் எது, மழை எங்கே விழுகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று அது ஓரிடத்திலும் கேட்கவில்லை. கேட்காததை அவர்கள் எங்கிருந்து கற்பார்கள்?

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். திருச்சியில் ஒரு நூலகத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு மேப், மண், தண்ணீர் என்று உட்கார்வது வழக்கம். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். மணியும் சிவப்பும் கருவி செய்தவர் கொடுக்கிற பதில். பிள்ளை அந்தப் பதிலைத் தேடப் பழகும், நிலத்தைப் பார்க்கப் பழகாது. ஒரு கருவி நல்லதா என்று பார்க்க நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: பிள்ளை ஒன்றைச் செய்ததும் பதில் எங்கிருந்து வருகிறது? ஆற்றை மேட்டில் வரைந்தால் தண்ணீர் வேறு பக்கம் போய்க் காட்ட வேண்டும். அணையை இடம் மாற்றிக் கட்டினால் ஊர் மூழ்க வேண்டும். 'தவறு' என்று எழுதிக் காட்டும் வேலையே இருக்காது.

கடலிலிருந்து வருது என்ற பையனை உடனே திருத்திவிட வேண்டாம். எதை வைத்துச் சொன்னான் என்று கேளுங்கள். சுவர் மேப்பில் நீலக் கோடு கடலோரத்தில் தடிப்பாகத் தொடங்கி உள்ளே போகப் போக மெலிகிறது. எந்த முனை தொடக்கம் என்று கோடு சொல்லாது. அவன் கண்ணால் பார்த்ததைச் சொல்லியிருக்கிறான்.

13 ஜூன்

காசில்லாமல் தொடங்க ஒரு வழி. துணி துவைக்கும் பிளாஸ்டிக் டப், களிமண், ஒரு அடிஸ்கேல். டப்புக்குள் களிமண்ணால் ஒரு மலை. இரண்டு உச்சி, நடுவில் ஒரு கணவாய், ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் படிப்படியான சரிவு. ஸ்கேலை ஓரமாக நிறுத்தி ஒட்டிவிடுங்கள். ஒரு செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் மண்ணைத் தொடும் விளிம்பில் தீக்குச்சி முனையால் சுற்றிவரக் கீறச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டு செ.மீ., மூன்று, உச்சி வரை. தண்ணீரை வடித்துவிட்டு நேர் மேலே நின்று ஒரு போட்டோ எடுங்கள். அந்தப் போட்டோவே சம உயரக் கோட்டு வரைபடம், ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை ஒரே கோட்டால் இணைப்பது.

எங்கள் நூலகத்தில் தண்ணீர் கணவாயைத் தாண்டிய நொடியில் ஒரு சிறுமி "ஐயோ, மலை ரெண்டு தீவாயிடுச்சு!" என்று கத்தினாள். அதுவரை ஒரே வளையமாக வந்த கோடு அந்த இடத்தில் இரண்டு வளையமாகப் பிரிந்திருந்தது. வரைபடத்தில் இரண்டு வளையம் அக்கம்பக்கமாக இருந்தால் நடுவில் தாழ்வான வழி உண்டு என்று அவளுக்கு இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதே சூட்டில் பாலக்காட்டுக் கணவாயைக் காட்டினேன். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்திருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து கேரளத்துக்கு ரயில் அந்த வழியாகப் போவதன் காரணத்தை அவர்களே சொன்னார்கள்.

13 ஜூன், சற்று நேரம் கழித்து

முக்கியமானதை எழுத விட்டுப்போனது. ஊற்றுவதற்கு முன் ஊகம். "அடுத்த கோடு எங்கே வரும்? விரலால் காட்டு." அதைச் சொன்ன பிறகுதான் தண்ணீர். ஊகம் சொல்லாத பிள்ளை வேடிக்கை பார்க்கிறது. சொல்லிவிட்ட பிள்ளைக்கு அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு இருக்கிறது. மண்ணில் செய்தாலும் திரையில் செய்தாலும் இந்த விதியை நான் விடுவதில்லை.

20 ஜூன்

ஒருவர் கேட்டிருக்கிறார்: "அப்படியானால் ஜிக்சா புதிர் எல்லாம் வீணா? என் மகள் அதை வைத்துத்தான் இந்திய மாநிலங்களைக் கற்றாள்."

வீண் இல்லை. ஜிக்சா பிறந்ததே புவியியல் பாடத்துக்காக. லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற மேப் செதுக்குபவர் 1760-களில் மேப்பை மரப்பலகையில் ஒட்டி, நாட்டெல்லை வழியாக அறுத்து, பிள்ளைகளின் பாடத்துக்கென்று விற்றார். பக்கத்து நாடு எது, கடலோரம் யாருக்கு உண்டு என்பதெல்லாம் கை வழியாக ஏறும். அந்தப் பயன் இன்றும் உண்டு.

சிக்கல் எங்கே வெட்டுகிறோம் என்பதில். மாவட்ட எல்லையில் வெட்டிய அட்டைக்கு ஆயுள் குறைவு. 2019 தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டம். அந்த ஆண்டே கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று ஐந்து கூடின. 2020-இல் மயிலாடுதுறை, ஆக 38. எங்கள் நூலகத்தில் பழைய அட்டை இன்னும் கிடக்கிறது. எல்லை மாறும் என்று காட்ட மட்டும் அதை எடுப்போம்.

நீர்ப்பிரிப்பு மேட்டின் வழியாக, அதாவது ஒரு பக்க மழை ஓர் ஆற்றுக்கும் மறுபக்க மழை வேறோர் ஆற்றுக்கும் பிரிகிற மேட்டின் வழியாக, வெட்டிப் பாருங்கள். பாலாறு ஒரு துண்டு, தென்பெண்ணை ஒன்று, காவிரி ஒன்று, வைகை ஒன்று, தாமிரபரணி ஒன்று. கார்ட்போர்டில் வெட்டியதும் முதல் கேள்வி தானாக வரும். காவிரித் துண்டு தமிழ்நாட்டுக்குள் அடங்காது. மேற்கே கர்நாடகத்துக்குள் குடகு வரை நீளும், காவிரியில் சேரும் கபினி ஆற்றுக்காகக் கேரளத்தின் வயநாட்டிலும் ஒரு மூலை போகும். "இது நம்ம மாநிலம் இல்லையே, ஏன் சேர்த்து வெட்டினீங்க?" என்று ஒரு பையன் கேட்டான். அங்கே பெய்கிற மழை எங்கே வந்து சேரும் என்று திருப்பிக் கேட்டேன். செய்தியில் அடிக்கடி காதில் விழுகிற தண்ணீர்ப் பங்கீடு அவனுக்கு அன்றைக்குத்தான் இடத்தோடு பிடிபட்டது.

வைகைத் துண்டில் ஒரு வேலை கூடுதல். பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலுக்குப் போகிற ஆறு. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி, மலையைக் குடைந்து, அதன் நீரில் ஒரு பங்கைக் கிழக்கே வைகைப் பக்கம் திருப்பினார்கள். அட்டையில் அந்த மேட்டில் ஊசியால் துளையிட்டு நீல நூலைக் கோத்தோம். நூலைக் கோத்த பிள்ளைகள் யாரும் அந்த அணையை மறக்கவில்லை.

21 ஜூன்

டீச்சருக்கு மட்டும்: உங்கள் பிள்ளைகளுக்குக் காவிரித் துண்டையே இன்னும் சிறிதாக்கலாம். அமராவதி, நொய்யல், பவானி மூன்றையும் தனித்தனித் துண்டாக வெட்டுங்கள். அமராவதித் துண்டு ஆனைமலைக்கும் பழனி மலைக்கும் நடுவில் தொடங்கி திருமுக்கூடலூரில் காவிரியைத் தொட்டு முடியும். பள்ளிக்கூடம் எந்தத் துண்டில் இருக்கிறது என்று குண்டூசி குத்தச் சொல்லுங்கள். மொட்டைமாடித் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று பார்த்துவிட்டு வந்து குத்தினால் இன்னும் நல்லது.

27 ஜூன்

திரைக் கருவி பற்றி நிறையப் பேர் கேட்டீர்கள். நான் செய்துகொண்டிருப்பதைச் சொல்கிறேன்.

2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பயணத்தில் ரேடார் வைத்து உலக நிலப்பரப்பின் பெரும்பகுதிக்கு உயரம் அளந்தது. அந்தத் தரவு இலவசம், ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஓர் உயரம் கிடைக்கும். அதில் காவிரிப் பகுதியை வெட்டியெடுத்து, கட்டங்களைப் பெரிதாக்கி, இணையம் இல்லாமலே உலாவியில் திறக்கும் ஒற்றைக் கோப்பாக வைத்திருக்கிறேன். பிள்ளை எங்கே விரல் வைக்கிறதோ அங்கே மழை விழும். ஒவ்வொரு கட்டமும் தன்னைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் மிகத் தாழ்ந்ததுக்கு நீரைத் தள்ளிவிடும். நிரல் இவ்வளவுதான். ஊகத்துக்கு ஒரு கொடி உண்டு, "தண்ணீர் கடலை எங்கே தொடும்?" என்று நட்ட பிறகே மழை வரும்.

மலைப்பக்கம் இது அருமையாக ஓடுகிறது. குடகில் விரல் வைத்தால் மைசூர் பக்கம் இறங்கி, ஒகேனக்கல் வழியாக மேட்டூர் வந்து, தெற்கே திரும்பி, பவானியில் கிழக்கே வளைகிற வரை பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்ப்பார்கள். குடகிலிருந்து அரபிக்கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது இந்த ஆறு ஏன் 800 கி.மீ. சுற்றி வங்கக் கடலுக்கு வருகிறது என்று கேட்காத பிள்ளை இல்லை. மலை மேற்கே செங்குத்தாகவும் கிழக்கே சரிவாகவும் இருப்பதைத் திரையைச் சாய்த்துக் காட்டினால் பதிலை அவர்களே சொல்வார்கள்.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில்தான் ஆச்சரியம். காவிரி அங்கே இரண்டாகப் பிரிகிறது, வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. என் நிரலில் ஒரு கட்டம் ஒரே ஒரு கட்டத்துக்குத்தான் நீர் தரும், பிரியத் தெரியாது. வந்த தண்ணீர் மொத்தமும் கொள்ளிடத்தில் இறங்கிப் போனது. தெற்கே காவிரி, அதன் கீழே தஞ்சாவூர் டெல்டா, எல்லாம் காய்ந்து கிடந்தது. திருவரங்கத்துப் பிள்ளை ஒருத்தி திரையை முறைத்துவிட்டு, "எங்க படித்துறைக்குத் தண்ணியே வரல, இது பொய்" என்றாள்.

அந்தப் 'பொய்' எனக்கு ஒரு நல்ல பாடமாகக் கிடைத்தது. கொள்ளிடம் காவிரியைவிடத் தாழ்ந்து, நேராக ஓடுகிறது. விட்டுவிட்டால் தண்ணீர் அங்கேதான் போகப் பார்க்கும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரிப் பக்கம் மணல் மேடிட்டு டெல்டாவுக்கு நீர் குறைந்துகொண்டே வந்தது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் மேலணை கட்டியது அதைத் தடுக்கத்தான். இரண்டு ஆற்றுக்கும் நடுவே இருக்கும் திருவரங்கத் தீவின் கீழ்முனையில் கல்லணை அதற்குப் பல நூறு ஆண்டு முன்பிருந்தே இதே கவலைக்குப் பதிலாக நிற்கிறது. எனவே நிரலைத் திருத்தாமல், பிள்ளைகள் கையில் ஓர் அணைக்கட்டைக் கொடுத்தேன். கொள்ளிடத்தின் வாயில் எவ்வளவு உயரம் வைத்தால் படித்துறைக்குத் தண்ணீர் வரும் என்று அவர்களே ஏற்றி இறக்கிப் பார்க்கட்டும். அளவுக்கு மேல் ஏற்றினால் வெள்ளக் காலத்தில் திருச்சி மூழ்கும், அதையும் அவர்களே பார்க்கட்டும்.

28 ஜூன்

நேற்றையதற்கு ஒரு துணைக்குறிப்பு. திருச்சிக்குக் கிழக்கே இந்தத் தரவை அப்படியே நம்ப முடியாது. திருச்சி கடல் மட்டத்திலிருந்து 80 மீட்டர் சொச்சம், அங்கிருந்து பூம்புகார் ஏறக்குறைய 150 கி.மீ. கிலோமீட்டருக்கு அரை மீட்டர் சரிவு. ரேடார் அளவில் சில மீட்டர் பிழை சாதாரணம், அதோடு தென்னந்தோப்பின் தலையையும் தரை என்றே எடுத்துக்கொள்ளும். தோப்பு இருக்கும் ஊரெல்லாம் குன்றாகிவிடுகிறது. டெல்டாவுக்கு ஆறு, வாய்க்கால்களைக் கையால் வரைந்து தரவுக்குள் பள்ளமாகச் செதுக்கிவிட்டேன். இதைச் செய்யாமல் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். நிலம் சொல்லாததை நிலத்தின் பெயரால் சொல்கிற கருவி மணி அடிக்கிற கருவியைவிட மோசம்.

2 ஜூலை

நிறம். பெரிய விஷயம், யாரும் பேசுவதில்லை.

இயற்கை அமைப்பு வரைபடத்தில் தாழ்நிலம் பச்சை, உயரம் பழுப்பு. பெரியவர்கள் பழகிவிட்டோம். பிள்ளைகளிடம் "எங்க காடு அதிகம்?" என்று கேட்டுப் பாருங்கள். பச்சையைத் தொடுவார்கள். ராமநாதபுரம் பச்சை, தார் பாலைவனத்திலும் நல்ல பங்கு பச்சை. சோலைக்காடு இருக்கும் நீலகிரி பழுப்பு. எங்கள் பிள்ளைகளில் அநேகம் பேர் ராமநாதபுரத்தை வயல் நிறைந்த ஊர் என்றுதான் சொன்னார்கள், வண்ணம் அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

என் கருவியில் உயரத்துக்கு ஒரே நிறத்தின் அடர்த்தி மட்டும். தாழ்வு வெளிர், உயரம் அடர். பச்சை வேண்டுமென்றால் தனிப் பொத்தான், அது மரம் இருக்கும் இடத்தை மட்டும் காட்டும். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாத பிள்ளைகள், பெரும்பாலும் பையன்கள், வகுப்புக்கு ஒருவராவது இருக்கக்கூடும். அவர்களுக்கும் இது உதவும்.

9 ஜூலை

"3டி பிரிண்டரில் தமிழ்நாடு மாடல் செய்யப் போறோம், உயரத்தை எத்தனை மடங்கு பெருக்கலாம்?" என்று கேட்டவருக்கு.

கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். வடக்கு தெற்காகத் தமிழ்நாடு ஏறக்குறைய 600 கி.மீ. மாடல் 60 செ.மீ. என்றால் ஒரு செ.மீ.க்கு 10 கி.மீ. தொட்டபெட்டா 2,637 மீட்டர். மாடலில் 2.6 மில்லிமீட்டர். நம் மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரம் தோசைக் கனம்தான் வரும். இதைக் கேட்டதும் வகுப்பே அமைதியாகிவிடும், ஏனென்றால் அவர்கள் பார்த்த எல்லா மாடலிலும் மலை கூம்பாக நிற்கும்.

பெருக்காமல் சரிவு தெரியாது, பெருக்கினால் பூமியே முள்ளாகிவிடும். நான் திரையில் ஒரு ஸ்லைடர் வைத்திருக்கிறேன், 1 மடங்கிலிருந்து 20 மடங்கு வரை. திறக்கும்போது எப்போதும் 1-இல் நிற்கும். தட்டையாகத் தெரியும் நிலத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளைதான் இழுத்து மலையை எழுப்ப வேண்டும். எத்தனை மடங்கு என்று எண் பெரிதாகப் பக்கத்திலேயே நிற்கும். பிரிண்டர் மாடலில் அந்த வசதி கிடையாது, அதனால் அதன் ஓரத்திலேயே பெருக்கிய அளவைப் பொறித்துவிடுங்கள்.

14 ஜூலை

சிறிய குறிப்பு. "நீ இந்தியாவில் இருக்கியா, தமிழ்நாட்டில் இருக்கியா?" என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் கேட்டால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கும். இரண்டிலும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பது அந்த வயதில் எளிதில் ஏறாது. ஜெனீவாப் பிள்ளைகளிடம் குழந்தை உளவியலாளர் பியாஜே இதையே பார்த்து 1951-இல் எழுதினார். ஜெனீவாக்காரனாகவும் சுவிஸ்காரனாகவும் ஒருசேர இருக்க முடியாது என்று சின்னப் பிள்ளைகள் சாதித்தார்களாம். எனவே சின்ன வகுப்புக்கு உலக மேப்பில் தொடங்கும் செயலி வேண்டாம். தெருவில் தொடங்குங்கள். நம் ஊர்களில் கோயிலைச் சுற்றிக் கீழவீதி, மேலவீதி, வடக்கு வீதி, தெற்கு வீதி என்று திசைகள் பிள்ளைகளின் காலடியிலேயே இருக்கின்றன. மேப்பைச் சுவரிலிருந்து கழற்றித் தரையில் போட்டு, வடக்கு வீதி இருக்கிற பக்கம் திருப்பி வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

21 ஜூலை

உலக மேப் என்று வந்துவிட்டதால் மென்பொருள் செய்கிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை.

ஒன்று, இணையத்தில் மேப் காட்ட உதவும் நிரல் தொகுப்புகள் பெரும்பாலும், உருண்டை பூமியைத் தட்டையாக வரையும் மெர்கேட்டர் முறையிலேயே வரும். 1569-இல் கடலோடிகளுக்காகச் செய்தது. திசைக்கு நேர்மையாக இருக்கும், பரப்புக்கு இருக்காது. 60 டிகிரி அட்சரேகையில் நீளம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரியும். உண்மையில் கிரீன்லாந்து சுமார் 22 லட்சம் சதுர கி.மீ., நம் இந்தியாவே அதைவிட ஒன்றரை மடங்கு பெரிது, ஆப்பிரிக்கா 3 கோடி. இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். இந்தியாவைப் பிடித்து வடக்கே இழுக்க விடுங்கள், இழுக்க இழுக்க வீங்கும். கிரீன்லாந்தை நிலநடுக்கோட்டுக்கு இறக்க விடுங்கள், சுருங்கும். பத்து வயதுப் பிள்ளைகள் இதை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். அப்புறம் ஒரு உருண்டையைக் கையில் கொடுத்து, அதே நாடுகளை டிரேசிங் தாளில் வரைந்து ஒப்பிடச் சொல்லுங்கள்.

இரண்டு, எல்லைக்கோடு. இலவசமாகக் கிடைக்கும் உலகத் தரவுகள் பலவற்றில் காஷ்மீர், அருணாசலப் பக்கம் எல்லை வேறு மாதிரி இருக்கும். மத்திய அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியா வெளியிட்ட எல்லைக்கு மாறாக இந்திய மேப் வெளியிடுவது 1961-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தப்படி குற்றம். பள்ளிக்கூடத்துக்குப் போகிற கருவி என்றால் முதல் நாளே சர்வே ஆஃப் இந்தியா கோட்டைப் போட்டுவிடுங்கள்.

22 ஜூலை

பார்வையில்லாத மகனுக்கு இதெல்லாம் எப்படி என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். அம்மா, 13 ஜூனில் எழுதிய டப் உங்கள் பையனுக்கும் அப்படியே பொருந்தும். தண்ணீர் விளிம்பை விரலால் தடவியே கோடு கீறலாம். மேப்புக்கு: ஆற்றுக்குச் சணல் கயிறு, எல்லைக்கு மெல்லிய நூல், மலைக்கு உப்புத்தாள், கடலுக்கு வழவழப்பான பிளாஸ்டிக். நான்கு ஐந்து தொடு உணர்வுக்கு மேல் போக வேண்டாம். பிரெய்ல் எழுத்தைச் சின்னதாக்க முடியாது, அதனால் மேப்பில் முழுப் பெயர் வைத்தால் இடம் போய்விடும். ஓரிரு எழுத்துக் குறி வைத்து, பெயர்களைத் தனித்தாளில் கொடுங்கள். கண் தெரிகிற பிள்ளைகளும் கண்ணைக் கட்டிக்கொண்டு அதே மேப்பைத் தடவட்டும். எங்கள் பிள்ளைகள் பவானி எங்கே சேர்கிறது என்பதைக் கயிற்று முடிச்சிலிருந்து கண்டுபிடித்தார்கள்.

5 ஆகஸ்ட்

டீச்சர் எழுதியிருக்கிறார்: "ஆடிப்பெருக்கை ஒட்டி வகுப்பில் டப் வைத்தோம். அமராவதித் துண்டை வெட்டினோம். கடலிலிருந்து வருது என்றவன்தான் குண்டூசி குத்தினான். இப்போது எல்லோரும் கேட்பது, மேட்டூர் நிரம்பினால் நம்ம அமராவதியில் ஏன் தண்ணீர் ஏறவில்லை என்று."

டீச்சர், அந்தக் கேள்விக்காகவே இவ்வளவும். ஜூலைக் கடைசியில் மேட்டூர் 120 அடியை எட்டியது. அந்தத் தண்ணீர் காவிரித் தண்டில் வருகிறது, அமராவதி பக்கத்துக் கிளை. இரண்டும் சந்திப்பது உங்களுக்குக் கீழே, திருமுக்கூடலூரில். கிளைக்கு அதன் சொந்த மலையில் மழை பெய்ய வேண்டும். பிள்ளைகளிடம் ஊகம் கேளுங்கள்: மேட்டூர் திறந்தால் நிறையும் ஊர்கள் எவை, அமராவதி அணை திறந்தால் நிறையும் ஊர்கள் எவை, இரண்டுக்கும் நிறையும் ஊர்கள் எவை? மூன்று நிறக் குண்டூசி போதும். இங்கே முக்கொம்பில் உபரி நீர் கொள்ளிடத்தில் போகிறது. அணை ஸ்லைடர் வைத்து விளையாடிய பிள்ளைகள் பாலத்தில் நின்று மதகுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

19 ஆகஸ்ட்

கருவி செய்யவே தேவையில்லாத ஒன்று இந்த வாரம் வருகிறது, தவறவிடாதீர்கள். சூரியன் உச்சந்தலைக்கு நேராக வந்து நிழல் காலடியில் மறையும் நாள். சென்னையில் 18 வாக்கில் முடிந்திருக்கும். கரூர், திருச்சியில் 24, 25 வாக்கில். மதுரையில் 27 வாக்கில். கன்னியாகுமரியில் செப்டம்பர் முதல் தேதியை ஒட்டி. வடக்கிலிருந்து தெற்காக இரண்டு வாரத்தில் சூரியன் தமிழ்நாட்டைக் கடந்துவிடுகிறது. ஏப்ரலில் இதே பயணம் தெற்கிலிருந்து வடக்காக.

ஒரு நேரான கம்பு, ஒரு தூக்குக் குண்டு, ஒரு வெள்ளைத் தாள். கரூரில் 12.20 வாக்கில் பார்க்க வேண்டும், 12 மணிக்கு இல்லை. நம் கடிகாரம் 82½ டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது. கரூர் அதற்கு மேற்கே நாலரை டிகிரி தள்ளி இருக்கிறது, ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். மீதியிருக்கும் ஓரிரு நிமிடம் பூமி சூரியனைச் சுற்றும் விதத்தால் வருவது. உச்சி எந்த நிமிடத்தில் என்று பிள்ளைகளே நிழல் முனையைக் குறித்துக் கண்டுபிடித்தால் தீர்க்கரேகை என்ற சொல்லுக்கு அவர்களிடம் ஒரு கைவேலை இருக்கும். வேறு ஊரில் உறவினர் இருந்தால் போன் போட்டு அங்கே எத்தனை மணிக்கு என்று கேட்கட்டும்.

26 ஆகஸ்ட்

"என் மாணவர்கள் எட்டாம் வகுப்பு, இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டாக நினைக்கிறார்கள்" என்கிறார் ஒரு ஆசிரியர்.

அவர்களுக்கு முக்கோண அளவை கொடுங்கள். ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் 1802-இல் சென்னையில் பரங்கிமலைப் பக்கம் சுமார் 12 கி.மீ. நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தார். நாடு முழுக்க நடந்த பெரும் அளவை வேலை அங்கிருந்துதான் விரிந்தது. ஒரு பக்கத்தை மட்டும் அளந்து, மற்றதைக் கோணத்தால் கண்டுபிடித்துக்கொண்டே போவதுதான் முறை. சமவெளியில் கோபுரங்களே கண்காணிப்பு இடம். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் கோணம் அளக்கும் தியோடலைட்டை ஏற்றும்போது மோதி அந்தப் பெரிய கருவி சேதமாகி, அவர் அதைப் பழுதுபார்த்து மீண்டும் அளந்தார்.

பள்ளி மைதானத்தில்: 20 மீட்டர் கயிறு ஒன்று, அட்டையில் ஒட்டிய பாகைமானி ஒன்று, பார்வைக் குழாயாக ஒரு ஸ்ட்ரா. கயிற்றின் இரு முனையிலும் நின்று, மைதானத்துக்கு வெளியே தெரியும் தண்ணீர்த் தொட்டிக்குக் கோணம் எடுத்து, தாளில் அளவுபடி வரைந்து தூரம் சொல்ல வேண்டும். மூன்று குழு, மூன்று விடை வரும். விடைகள் ஏன் விலகின என்று அவர்கள் சண்டை போடுகிற நேரம்தான் வகுப்பின் நல்ல பகுதி. முக்கோணம் ஒல்லியாக இருந்தால் பிழை பெருகும், கயிற்றை நீட்டிக் கட்டினால் குறையும். அதை யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கிற வரை வாயைத் திறக்காதீர்கள். அப்புறம் போனில் மேப்பைத் திறந்து தூரம் சரிபார்க்கலாம்.

1 செப்டம்பர்

ஜூனில் மண்ணில் தொடங்கச் சொன்னது காசில்லை என்பதற்காக. இப்போது காசு இருந்தாலும் அந்த வரிசையை மாற்ற மாட்டேன் என்று தோன்றுகிறது. டப்பில் கைநனைத்த பிள்ளைகள் திரையில் வேறு மாதிரி நடந்துகொள்கிறார்கள். மழை பொத்தானை அமுக்கிக்கொண்டே இருப்பதில்லை. முதலில் நிலத்தைச் சாய்த்துப் பார்க்கிறார்கள், மேட்டைத் தேடுகிறார்கள், அப்புறம் கொடி நடுகிறார்கள். நேராகத் திரைக்கு வந்தவர்கள் எல்லா இடத்திலும் மழை பெய்யவிட்டுப் பார்க்கிறார்கள். அதுவும் கெட்டதில்லை, ஆனால் ஊகத்துக்கு வர நேரம் ஆகிறது. ஒரு திரைக்கு இரண்டு பிள்ளைகள் போதும், மூன்றாவது பிள்ளை பேசாமல் போய்விடும்.

இன்னும் தீராதது டெல்டா. ஒரு கட்டத்திலிருந்து இரண்டு கட்டத்துக்கு நீர் பிரியும்படி நிரலை மாற்றிவிட்டேன், கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் நான்கும் இப்போது பிரிகின்றன. அதற்குக் கீழே எந்த வாய்க்கால் எந்த மதகிலிருந்து கிளம்புகிறது என்பது எந்த இலவசத் தரவிலும் ஒழுங்காக இல்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் பாடம் எடுக்கிறவர்கள் உங்கள் பிள்ளைகளை அனுப்பி, தங்கள் ஊர் வாய்க்காலின் தலைமதகு எங்கே, கடைமடை எங்கே என்று ஒரு தாளில் வரைந்து வரச் சொல்லி இங்கே போடுங்கள். வடக்கு எது என்று தாளில் ஓர் அம்பு இருந்தால் போதும், மற்றதை நான் தரவில் செதுக்கிக்கொள்கிறேன்.